நாட்டுக்கோழிக்கு சால்மோனெல்லா தடுப்பூசி போட்டா முட்டைய பச்சையா குடுக்கலாமா?

தோப்புக்கோழி, காவேரிப்பட்டணம்

வணக்கம்ங்க. காவேரிப்பட்டணம் பக்கத்துல எங்க மாந்தோப்புக்குள்ள நாலு வருசமா நாட்டுக்கோழி வளர்க்கிறேன், சிறுவிடை தான் அதிகம், கொஞ்சம் பெருவிடை கலப்பு, குஞ்சு போக இப்ப 260 உருப்படி இருக்கு. பகல்ல தோப்புல மேயும், சாயங்காலம் கொட்டகையில அடையும். கறிய விட முட்டைக்குத் தான் எனக்கு ஆள் அதிகமா வர்றாங்க, அதுலயும் பாதிப் பேர் ஒரே காரணத்துக்கு வர்றாங்க, வீட்டுல பொண்ணு வயசுக்கு வந்திருக்கும், காலையில வெறும் வயித்துல முட்டைய உடைச்சு வாயில ஊத்திட்டு அதே ஓட்டுல நல்லெண்ணெய் புடிச்சுக் குடுப்பாங்க, ஒன்பது நாள் பதினோரு நாள்னு அவங்கவங்க வீட்டு வழக்கப்படி கணக்கு. நானும் இதுவரைக்கும் சந்தோசமாத் தான் குடுத்துட்டிருந்தேன், நல்ல காரியத்துக்குப் போகுதேன்னு.

வைகாசியில ஒரு வீட்டுக்கு 30 முட்டை குடுத்தேன். அஞ்சாம் நாள் அந்தப் புள்ளைக்கு காய்ச்சல், வயித்த வலி, வயித்தால போறது நிக்கவே இல்ல, மூணு நாள் பெட்ல சேர்த்து குளுக்கோஸ் ஏத்தினாங்க. டாக்டர் கேட்ட முதல் கேள்வியே பச்சை முட்டை ஏதாவது குடுத்தீங்களான்னு தானாம், மல டெஸ்ட்டுல சால்மோனெல்லாங்கிற கிருமின்னு வந்திருக்கு. அந்த வீட்டுக்காரங்க என்னைய ஒரு வார்த்தை சொல்லல, சடங்குக்கு எத்தனையோ வீட்டு சாப்பாடு வந்துச்சு உன் முட்டை தான்னு எப்படிப்பா சொல்றதுன்னு அவங்களே எனக்கு சமாதானம் சொன்னாங்க. ஆனா எனக்குத் தூக்கம் வரல. எனக்கும் ஏழு வயசுல பொண்ணு இருக்கா.

வெள்ளைக்கழிச்சலுக்கு (ராணிக்கெட் நோய்), அம்மைக்கு எல்லாம் ஒழுங்கா தடுப்பூசி போட்டுட்டுத் தான் இருக்கேன். இந்த சால்மோனெல்லாவுக்கும் கோழிக்கு ஊசி இருக்குன்னு ஒருத்தர் சொன்னார். அது உண்மையா, என்னைய மாதிரி சின்ன ஆளுக்குக் கிடைக்குமா, போட்டுட்டா முட்டைய பச்சையா குடுக்கலாம்னு தைரியமா சொல்லலாமா? தெரிஞ்சவங்க விவரமா சொல்லுங்க, கோழி எல்லாம் பாக்க நல்லாத் தான் இருக்கு, ஒண்ணு கூட சோர்ந்து நிக்கல.

லேயர் சூப்பர்வைசர், ஊத்தங்கரை

இருக்கு நண்பா. நான் முட்டைக்கோழி பண்ணையில 11 வருசமா இருக்கேன், நாங்க கோழி டைபாய்டுக்கு 9ஆர்னு ஒரு ஊசி போடுவோம், ஆறு வாரத்துல ஒரு தடவை, முட்டைக்கு வர்றதுக்கு முன்னாடி 14 - 16 வாரத்துக்குள்ள இன்னொரு தடவை, கழுத்துத் தோலுக்கு அடியில. இது உயிர் தடுப்பூசி, அதாவது கிருமிய வீரியம் குறைச்சு உயிரோடவே வச்சிருப்பாங்க. இது இல்லாம செத்த கிருமியில செஞ்ச ஊசியும் இருக்கு, தண்ணியில கலந்து குடுக்கிற வகையும் வெளிநாட்டுல நிறைய ஓடுது.

ஒரு விசயத்தை அனுபவத்துல சொல்றேன், மனசுல வச்சுக்குங்க. முன்னாடி நான் வேலை பாத்த ஒரு பண்ணையில ஊசி போட்ட மறுநாளே குஞ்சு கொஞ்சம் தூங்குற மாதிரி இருக்குன்னு தண்ணியில ஆன்டிபயாடிக் கலந்து விட்டுட்டாங்க, உள்ள போன ஊசிக் கிருமி தான் வேலை செய்யணும், அதையே மருந்து கொன்னுடுச்சு, 3000 குஞ்சுக்கு போட்ட ஊசியும் வீண், ஆள் கூலியும் வீண், அஞ்சு மாசம் கழிச்சு ஷெட்ல பச்சைக் கழிச்சலோட கோழி விழ ஆரம்பிச்சப்ப தான் எல்லாரும் பழசை யோசிச்சோம். ஊசிக்கு முன்னாடி மூணு நாள் பின்னாடி மூணு நாள் எந்த ஆன்டிபயாடிக்கும் கிட்ட வரக் கூடாது. தண்ணியில குடுக்கிற தடுப்பூசின்னா குளோரின் போட்ட தண்ணி ஆகாது, கொழுப்பில்லாத பால்பவுடர் கொஞ்சம் கலந்து தான் விடணும்.

உங்களுக்கு சிக்கல் எங்கன்னா டோஸ். குப்பி 500, 1000னு பெரிய பண்ணைக்குத் தகுந்த அளவுல தான் வரும், கலக்கினா ரெண்டு மணி நேரத்துக்குள்ள முடிச்சாகணும், மீதிய ஃப்ரிட்ஜ்ல வச்சு நாளைக்குப் போடுறேன்னா அது வெறும் தண்ணி.

கால்நடை மருத்துவர் (ஓய்வு), தருமபுரி

தம்பி, உங்க பதிவைப் படிச்சேன். முட்டை வித்துட்டு அந்த வீட்டுப் புள்ளைய நினைச்சு தூக்கம் வராம இருக்கிறீங்களே, அதுக்காகவே கொஞ்சம் நீளமா எழுதுறேன்.

முதல்ல பேரைப் பிரிச்சுப் புரிஞ்சுக்கணும், ஏன்னா சால்மோனெல்லான்னு சொன்னா அது ஒரே கிருமி இல்ல, 2500க்கு மேல வகை இருக்கு. மனுசனுக்கு வர்ற டைபாய்டு சால்மோனெல்லா டைஃபியால வர்றது, அது மனுசன் உடம்புல மட்டும் தான் வாழும், கோழியில இருந்து வராது, முட்டை சாப்பிட்டா டைபாய்டு வரும்னு நம்ம பக்கம் காலங்காலமா சொல்றது தப்பு. கோழிக்கு வர்ற டைபாய்டு வேற, அது கேலினேரம், குஞ்சுக்கு வெள்ளையா ஆசனவாய்ல ஒட்டிக்கிட்டு சாகுமே அது புல்லோரம், இந்த ரெண்டும் கோழியக் கொல்லும், மனுசன பெரும்பாலும் தொந்தரவு பண்ணாது. உங்களுக்கு பயம் இருக்க வேண்டியது மூணாவது கூட்டம், எண்டெரிடிடிஸ், டைஃபிமூரியம்னு ரெண்டு முக்கியமான ஆளுங்க. இது ரெண்டும் வளர்ந்த கோழிய ஒண்ணும் பண்ணாது. கோழி நல்லாக் கொத்தும், நல்லாக் கூவும், கொண்டை சிவப்பா இருக்கும், குடல்ல மட்டும் கிருமி உக்காந்திருக்கும். எண்டெரிடிடிஸ் இன்னும் ஒரு படி மேல போய் சினைப்பையிலயும் முட்டைக் குழாயிலயும் குடி ஏறிடும், அதனால ஓடு மூடுறதுக்கு முன்னாடியே முட்டைக்குள்ள போயிடும். அந்த முட்டைய நீங்க எவ்வளவு கழுவினாலும் துடைச்சாலும் அது உள்ள தான் இருக்கு. கோழி எல்லாம் நல்லாத் தான் இருக்குன்னு எழுதி இருக்கீங்க பாருங்க, அந்த வார்த்தை இந்தக் கிருமிக்குப் பொருந்தாது.

இப்ப ஊசி. ஊத்தங்கரைக்காரர் சொன்ன 9ஆர் கேலினேரம் கிருமியில செஞ்சது. கேலினேரமும் எண்டெரிடிடிஸும் ஒரே டி பிரிவு, மேல் சட்டை ஒண்ணு மாதிரி இருக்கும், அதனால இது எண்டெரிடிடிஸுக்கும் ஓரளவு பாதுகாப்பு குடுக்குது. டைஃபிமூரியம் பி பிரிவு, அதுக்கு இதை நம்ப முடியாது. எண்டெரிடிடிஸும் டைஃபிமூரியமும் ரெண்டும் சேர்த்துச் செஞ்ச செத்த கிருமி ஊசியும் உலகத்துல இருக்கு. எதைப் போட்டாலும் நடக்கிறது இது தான், கோழி குடல்ல கிருமி ஒட்டுறது குறையும், எச்சத்துல வெளிய வர்றது குறையும், முட்டைக்குள்ள போறது குறையும். குறையும்னு தான் சொல்றேன். வெள்ளைக்கழிச்சல் ஊசி போட்டா கோழி சாகாதுன்னு நீங்க கண்ணால பாக்கிற மாதிரி இதுல ஒண்ணும் பாக்க முடியாது, பலன் எல்லாம் முட்டை சாப்பிடுறவங்க வயித்துல தான் தெரியும். அதனால தான் விவசாயிக்கு இது மேல ஆர்வம் வர்றதில்ல, நம்ம நாட்டுல இதைக் கட்டாயம்னு வைக்கவும் இல்ல.

ஆக மூணாவது கேள்விக்கு பதில், சொல்லக் கூடாது. ஊசி போட்டாலும் பச்சையா குடுக்கலாம்னு உங்க வாயால சொல்லாதீங்க.

தென்பெண்ணை, அரூர்

டாக்டர் ஐயா மன்னிக்கணும், மரியாதையோட தான் கேக்கிறேன். எங்க அம்மாச்சிக்கு 84 வயசு, அவங்க வயசுக்கு வந்தப்ப குடிச்ச பச்சை முட்டை, புள்ளை பெத்தப்ப குடிச்ச பச்சை முட்டை எல்லாம் கணக்கே இல்ல, எங்க அம்மாவும் குடிச்சாங்க, என் தங்கச்சியும் குடிச்சா, இடுப்பு எலும்பு உறுதியா இருக்கணும்னு தானே குடுக்கிறோம். அந்தக் காலத்துல ஊசியும் இல்ல ஒண்ணும் இல்ல. நாட்டுக்கோழி மேஞ்சு வளருது, பண்ணைக்கோழி மாதிரி கூண்டுல அடைச்சு வைக்கல, அதுக்கு எப்படி இந்தக் கிருமி வரும்? எல்லாத்தையும் பயமுறுத்தி நிறுத்திட்டா நம்ம பழக்கம் என்ன ஆகுறது?

சத்துணவு அக்கா, பென்னாகரம்

தம்பி அரூர், உங்க அம்மாச்சி நல்லா இருக்கட்டும். நானும் பச்சை முட்டை குடிச்சவ தான், எனக்கும் ஒண்ணும் ஆகல. ஆனா எங்க தெருவுலயே ஒரு பொண்ணுக்கு அப்ப வாந்தி பேதின்னு ஆகி, திருஷ்டி பட்டுடுச்சுன்னு சொல்லி மிளகாய் சுத்திப் போட்டாங்க, ரெண்டு வாரம் படுத்துட்டா. அந்தக் காலத்துல வரலன்னு இல்ல, வந்ததுக்கு நமக்குப் பேர் தெரியல.

இன்னொன்னு, உங்க அம்மாச்சி காலத்து முட்டை வீட்டுக் கூடையில வச்ச முட்டை, கோழி வச்சு ஒரு மணி நேரத்துல வாய்க்குப் போகும். இப்ப முட்டை தோப்புல இருந்து வண்டியில போய் கடையில நாலு நாள் வெயில்ல இருந்து அப்புறம் தான் வீட்டுக்கு வருது.

நான் பள்ளிக்கூடத்துல 19 வருசமா சமைக்கிறேன். வாரத்துக்கு அஞ்சு நாள் புள்ளைங்களுக்கு முட்டை. எங்க சமையல்கூடத்துல என் சட்டம் இது தான், விரிசல் விட்ட முட்டை ஒண்ணு கூட உள்ள போகாது, தண்ணி கொதி வந்து பத்து பன்னெண்டு நிமிசம் வேகணும், மஞ்சக்கரு உதிரி உதிரியா இருக்கணும், கொழகொழன்னு இருந்தா அந்த அடுக்கை மறுபடியும் அடுப்புல ஏத்துவேன், நேரம் ஆனாலும் பரவாயில்லன்னு. கடவுள் புண்ணியத்துல இத்தனை வருசத்துல ஒரு புள்ளைக்கும் முட்டையால வயித்துக்கு ஆனதில்ல. பழக்கத்தை விடச் சொல்லல கண்ணு, வேகவச்சுக் குடுங்கன்னு தான் சொல்றோம். உளுந்தங்களியும் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் எங்கயும் போகல, முட்டைய மட்டும் அவிச்சு கூட வச்சா இடுப்பு எலும்பு வேண்டாம்னு சொல்லப் போகுதா?

கால்நடை மருத்துவர் (ஓய்வு), தருமபுரி

அந்த அம்மா சொன்னது அத்தனையும் சரி, வெயில் விசயம் ரொம்ப முக்கியம். முட்டைக்குள்ள கிருமி போனாலும் ஆரம்பத்துல ரொம்பக் கொஞ்சம் தான் இருக்கும், வெள்ளைக்கரு அதை வளர விடாது, அதுல இருக்கிற பொருளே கிருமிக்கு எதிரி. மஞ்சக்கருவைச் சுத்தி ஒரு மெல்லிய சவ்வு இருக்கு, நாள் ஆக ஆக, அதுவும் நம்ம சித்திரை வெயில்ல, அந்தச் சவ்வு இளகும், மஞ்சக்கருவோட சத்து வெளிய கசியும், அப்புறம் கிருமிக்கு விருந்து தான். காலையில பத்து இருபதா இருந்தது லட்சக்கணக்குல ஆகிடும். அதனால முட்டைய எடுத்த உடனே நிழலான குளிர்ந்த இடத்துக்குக் கொண்டு போறதும், ஒரு வாரத்துக்குள்ள வித்துடுறதும் ஊசிக்கு சமமான வேலை. பச்சைத் தண்ணியில ஊறப் போட்டுக் கழுவாதீங்க, சூடான முட்டைய குளிர்ந்த தண்ணியில போட்டா உள்ள இருக்கிற காத்து சுருங்கி வெளிய இருக்கிற அழுக்குத் தண்ணிய ஓட்டுத் துளை வழியா உள்ள இழுத்துக்கும்.

அரூர் தம்பி, உங்க கேள்வியத் தப்பாவே எடுத்துக்கல. மேயுற கோழிக்கு எப்படி வரும்னு கேட்டீங்க. எலியால வரும். கொட்டகையில தீவன மூட்டை இருந்தா எலி இருக்கும், கிருமி தொத்தின எலியோட ஒரு புழுக்கையிலேயே லட்சக்கணக்குல கிருமி இருக்க முடியும், கோழி அதைத் தானியம்னு கொத்தும். காக்கா குருவி எச்சத்தால வரும், குட்டைத் தண்ணியால வரும், சந்தையில வாங்கி வந்து நேரா மந்தையில விடுற கோழியால வரும். ஞாயித்துக்கெழமை போச்சம்பள்ளி சந்தையில அழகா ஒரு பொட்டக்கோழி கிடைச்சா வாங்காம வர மனசு வராது, எனக்குத் தெரியும், ஆனா அதை மூணு வாரமாவது தனியா வைக்கணும்.

எலும்பு உறுதின்னு சொன்னீங்களே, அதுக்கு ஒரு கணக்கு இருக்கு. பெல்ஜியத்துல 1998-ல மனுசங்களை வச்சே பாத்திருக்காங்க, வேகவச்ச முட்டையில இருக்கிற புரதத்துல 90 சதவீதத்துக்கு மேல உடம்பு எடுத்துக்கிச்சு, பச்சை முட்டையில 50 சதவீதம் போலத் தான் எடுத்துக்கிச்சு. பொண்ணுக்கு சத்து சேரணும்னு தான் குடுக்கிறோம், பச்சையா குடுத்தா பாதி வீணாப் போகுது. உங்க அம்மாச்சிகிட்ட இதை சொல்லிப் பாருங்க, அவங்க கோழி வளர்த்தவங்க, முட்டையோட அருமை தெரிஞ்சவங்க, கேப்பாங்க.

பாலக்கோடு டு பர்மிங்காம்

நான் பாலக்கோட்டுக்காரன், இங்கிலாந்துல செட்டில் ஆகி 14 வருசம் ஆச்சு. இந்த ஊசி விசயத்துல உலகத்துக்கே பெரிய உதாரணம் இந்த நாடு தான், அதனால எழுதுறேன். 1988 டிசம்பர்ல இங்க சுகாதாரத் துறையில இருந்த எட்வினா கர்ரின்னு ஒரு துணை அமைச்சர் இங்கிலாந்தோட முட்டை உற்பத்தியில பெரும்பகுதிக்கு சால்மோனெல்லா இருக்குன்னு டிவியில சொல்லிட்டாங்க, முட்டை வியாபாரம் ஒரே நாள்ல விழுந்துடுச்சு, விவசாயிங்க கொதிச்சுட்டாங்க, ரெண்டு வாரத்துல அந்தம்மா பதவிய விட்டே போக வேண்டியதாப் போச்சு. ஆனா நோய் குறையல, தொண்ணூறுகள்ல இன்னும் ஏறிச்சு. அப்புறம் முட்டைக்காரங்களே சேர்ந்து 1998-ல சிங்க முத்திரைத் திட்டம்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க, முட்டை மேல சின்னதா சிவப்பு சிங்கம் அச்சடிச்சிருக்கும், அந்த முத்திரை வேணும்னா கோழிக்கு எண்டெரிடிடிஸ் ஊசி போட்டே ஆகணும். இங்கிலாந்து வேல்ஸ் ரெண்டுலயும் சேர்த்து எண்டெரிடிடிஸ்லயே அதிகமா இருந்த பிடி4ங்கிற ஒரு வகையால மட்டும் 1997-ல பரிசோதனையில உறுதியான நோயாளிங்க 14,771 பேர், 2009-ல 581 பேர். நான் முதல் தடவை இதைப் படிச்சப்ப நம்பவே முடியல, ரெண்டு மூணு இடத்துல தேடிப் பாத்தேன்.

2017-ல அரசாங்கமே சொல்லிடுச்சு, சிங்க முத்திரை இருந்தா கர்ப்பிணி, கைக்குழந்தை, வயசானவங்க கூட அரைவேக்காடா சாப்பிடலாம்னு. என் மனைவி ரெண்டாவது மாசமா இருந்தப்ப நர்ஸே இதைத் தான் சொன்னாங்க. அதனால தோப்புக்கோழி நண்பருக்கு என் பதில், ஊசி போட்டா பச்சையா சாப்பிடலாம்ங்கிற நிலைமை உலகத்துல இருக்கு, நம்மளும் அங்க போகலாம்.

கால்நடை மருத்துவர் (ஓய்வு), தருமபுரி

அருமையா சொன்னீங்க தம்பி, ஆனா பாதி தான் சொல்லி இருக்கீங்க, மீதிய நான் சொல்லிடுறேன், இல்லன்னா தோப்புக்காரர் தப்பாப் புரிஞ்சுக்குவார். அந்த சிங்க முத்திரைக்கு ஊசி மட்டும் போதாது. குஞ்சு எங்க பொரிச்சது, எந்தத் தாய்க்கோழிக் கூட்டத்துல இருந்து வந்ததுன்னு பதிவு இருக்கணும், எந்தப் பண்ணை எந்தத் தேதின்னு முட்டை மேலயே இருக்கணும், ஷெட்டுல இருந்து மாதிரி எடுத்து அப்பப்ப டெஸ்ட் பண்ணணும், எலிக் கட்டுப்பாடு பாக்க ஆள் வரணும், முட்டை குளிர்ச்சியான இடத்துல இருக்கணும். இத்தனையும் சேர்ந்து இருபது வருசம் ஓடின பிறகு தான் 2017-ல அந்த வார்த்தைய சொன்னாங்க. ஊசி போட்ட மறுநாள் சொல்லல.

இதுக்கு நேர் எதிரா ஸ்வீடன்ல ஊசியே போடுறதில்ல. 1953-ல அங்க அல்வெஸ்டாங்கிற ஊர் கறிக்கூடத்துல இருந்து சால்மோனெல்லா பரவி 9000 பேர் போலப் படுத்தாங்க, 90 பேர் போல செத்தாங்க, அதுல இருந்து அவங்க வழியே தனி, டெஸ்ட் பண்ணு, கிருமி இருந்தா மொத்தக் கூட்டத்தையும் அழி, இழப்பீடு குடு. பணக்கார நாடு, குளிர் நாடு, முடியுது. ஐரோப்பாவுல மத்த இடத்துல முட்டைக்கோழிக் கூட்டங்கள்ல பத்து சதவீதத்துக்கு மேல கிருமி இருந்தா 2008-ல இருந்து ஊசி கட்டாயம்னு வச்சாங்க, கூடவே சால்மோனெல்லாவை அடக்க ஆன்டிபயாடிக் குடுக்கிறதுக்குத் தடையும் போட்டாங்க. இந்த ரெண்டாவது தான் எனக்கு முக்கியமாப் படுது. நம்ம பக்கம் கொஞ்சம் கழிச்சல்னா மருந்துக் கடையில போய் ஏதோ ஒரு பாட்டில் வாங்கி தண்ணியில ஊத்துறோம், கிருமி சாகாம மருந்துக்குப் பழகிக்குது, அப்புறம் அது ஒரு புள்ளை வயித்துக்குப் போகும்போது ஆஸ்பத்திரியில குடுக்கிற மருந்தும் கேக்க மாட்டேங்குது. தோப்புக்காரரே, உங்க ஊர் பொண்ணு மூணு நாள்ல எழுந்து வந்துடுச்சு. மருந்து கேக்கலன்னா என்ன ஆகி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

நம்ம ஊர்ல அந்த மீதி வேலை எதுவும் இன்னும் இல்லாததால தான் பச்சை முட்டைய வச்சு செய்யிற மயோனைஸுக்கு 2025 ஏப்ரல் 8-ல இருந்து ஒரு வருசத்துக்கு தமிழ்நாட்டுல தடை போட்டாங்க. கடைக்காரனுக்கு ஒரு நியாயம் நம்ம வீட்டுப் பொண்ணுக்கு ஒரு நியாயம்னு இருக்க முடியாது இல்லையா.

தோப்புக்கோழி, காவேரிப்பட்டணம்

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. ரெண்டு மூணு தடவை படிச்சுட்டேன், என் வீட்டுக்காரியையும் உக்கார வச்சுப் படிச்சுக் காட்டினேன். அவ ஒரே வார்த்தை தான் சொன்னா, இனிமே சடங்கு வீட்டுக்கு முட்டை குடுத்தா நான் தான் குடுப்பேன், வேகவச்சுக் குடுக்கணும்னு பொம்பளைங்க கிட்ட நானே சொல்றேன், நீங்க சொன்னா முறைப்பாங்கன்னு. முட்டை அட்டை மேலயும் ஒட்டுறதுக்கு சீட்டு எழுதி வச்சுட்டோம், நல்லா வேகவைத்து சாப்பிடவும்னும், எடுத்த தேதியும்.

நேத்து கொட்டகைய நல்லா உத்துப் பாத்தேன் டாக்டர். தீவன மூட்டை தரையிலேயே கெடக்கு, பின்னாடி செவுத்தோரம் எலி வளை நாலு இருக்கு, எலிப் புழுக்கை தீவனத் தட்டுலயே கெடக்குது, நாலு வருசமா தினமும் அந்த வழியா போறேன், என் கண்ணுக்கு அது படவே இல்ல. இன்னைக்கு ரெண்டு பழைய டிரம் வாங்கி மூடி போட்டுத் தீவனத்தை மாத்திட்டேன், வளைய அடைச்சாச்சு.

ஊசி விசயத்துல ஒரு சந்தேகம். என்கிட்ட எல்லா வயசுக் கோழியும் ஒண்ணாத் தான் இருக்கு, அடை வச்சுப் பொரிக்கிறதால மாசத்துக்கு மாசம் ஒரு ஈடு குஞ்சு வந்துட்டே இருக்கும். இதுல யாருக்குப் போடுறது யாருக்கு விடுறது? முட்டை வைக்கிறதுக்கும் போடலாமா?

கால்நடை மருத்துவர் (ஓய்வு), தருமபுரி

முட்டை வைக்கிற கோழிக்கு உயிர் ஊசிய இப்ப போடாதீங்க, அது முட்டைக்கு வர்றதுக்கு முன்னாடியே முடிய வேண்டிய காரியம். வளர்ந்து வர்ற குஞ்சுல இருந்து ஆரம்பிங்க, ஆறு வாரம் ஆன ஈட்டுக்கு முதல் ஊசி, 14 - 16 வாரத்துல ரெண்டாவது, காலுக்கு கலர் வளையம் போட்டு வச்சுக்குங்க, ஊசி போட்டதும் போடாததும் குழம்பாது. ஒரு வருசத்துல பழைய கோழி எல்லாம் கறிக்குப் போய் மந்தை முழுக்க ஊசி போட்டதா மாறிடும்.

ஆனா ஊசிக்கு முன்னாடி ஒரு வேலை. உங்க மந்தையில என்ன இருக்குன்னே தெரியாம போட்டு என்ன பிரயோசனம்? கிருஷ்ணகிரியில கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவு இருக்கு, அங்க பேசுங்க, ஓசூர் மத்திகிரியில கோழியின உற்பத்தி மேலாண்மைக் கல்லூரி இருக்கு, கால்நடைப் பல்கலைக்கழகத்தோடது, நாட்டுக்கோழிக்காரங்க கேள்வின்னா நல்லா உக்கார வச்சுப் பேசுவாங்க. எச்ச மாதிரி, செத்துப் போன குஞ்சு இருந்தா ஐஸ் பெட்டியில வச்சு அன்னைக்கே குடுக்கணும், மறுநாள் அழுகினது ஆகாது. முடிவு வந்த பிறகு எந்த ஊசின்னு உங்க ஊர் மருந்தக டாக்டர் கிட்ட கேட்டுப் போடுங்க, நான் இங்க எழுதுறது பொதுவான விவரம் தான், உங்க கோழிய பாத்து சொல்றவர் பேச்சு தான் பெருசு.

அப்புறம் கறி. முட்டையப் பத்தியே பேசிட்டோம். குடல் எடுக்கிறப்ப கிழிஞ்சு கறியில பட்டா அதுவும் அதே கிருமி தான். களிக்குக் கோழிக்குழம்பு வைக்கிறப்ப குழம்பு கொதிச்சு வெந்துடும், அதுல பயம் இல்ல, ஆனா கோழி அறுத்த கத்திய கழுவாம அதுலயே வெங்காயம் நறுக்கி பச்சையா தொட்டுக்க வைக்கிறாங்களே, அங்க தான் வம்பு.

லேயர் சூப்பர்வைசர், ஊத்தங்கரை

ஊசி போடுற அன்னைக்கு வெயிலுக்கு முன்னாடி, காலையில ஆறு மணிக்கே ஆரம்பிச்சுடுங்க நண்பா, குப்பிய ஐஸ்ல தான் வச்சிருக்கணும், ஊசி முனைய 100 கோழிக்கு ஒரு தடவை மாத்துங்க. சோர்ந்த குஞ்சு, வெள்ளைக்கழிச்சல் ஊசி போட்டு ஒரு வாரம் கூட ஆகாத குஞ்சு, இதுக்கெல்லாம் அன்னைக்கு வேண்டாம், தள்ளி வைங்க.

ராயக்கோட்டை நாட்டுக்கோழி

இத்தனை நாள் படிச்சுட்டு மட்டும் போவேன், இன்னைக்கு எழுதணும்னு தோணுச்சு. என்கிட்ட அஞ்சு வாரக் குஞ்சு 180 இருக்கு, சூளகிரியில என் மச்சான் கிட்ட 220 இருக்கு. தோப்புக்கோழி அண்ணா உங்க ஈட்டு குஞ்சு எத்தனைன்னு சொல்லுங்க, டெஸ்ட் முடிவு வந்ததும் மூணு பேரும் சேர்ந்து ஒரு 500 டோஸ் குப்பி வாங்கி ஒரே நாள் காலையில முடிச்சுடலாம், ஆனா ரெண்டு மணி நேரத்துல மூணு ஊருக்கும் வண்டியில போய் போட முடியுமா, இல்ல குஞ்சு எல்லாத்தையும் ஒரு இடத்துக்குக் கொண்டு வரணுமா?

கால்நடை மருத்துவர் (ஓய்வு), தருமபுரி

ஒரு இடத்துக்குக் கொண்டு வரவே கூடாது தம்பி, ஒருத்தர் குஞ்சுல இருக்கிறது இன்னொருத்தர் குஞ்சுக்கு ஒட்டிக்கும், ஊசி போட வந்து நோய் வாங்கிட்டுப் போற கதை ஆகிடும். குப்பி தான் வண்டியில போகணும், குஞ்சு அவங்கவங்க இடத்துலயே இருக்கட்டும். காவேரிப்பட்டணம், ராயக்கோட்டை ரெண்டும் முடியும், சூளகிரி நேரத்துக்குள்ள வராது, அதுக்குத் தனிக் குப்பியக் கலக்காம ஐஸ்ல கொண்டு போய் அங்க கலக்குங்க. கொஞ்சம் டோஸ் வீணாகும், ஆகட்டும். ஒரு பண்ணையில இருந்து இன்னொன்னுக்குப் போறப்ப செருப்பை மாத்துங்க, கையக் கழுவுங்க, ஊசியும் வேற.

தோப்புக்கோழி, காவேரிப்பட்டணம்

என்கிட்ட இப்ப அஞ்சு வாரத்துல 95 குஞ்சு இருக்கு ராயக்கோட்டை தம்பி. திங்கக்கிழமை எச்ச மாதிரி எடுத்துட்டுக் கிருஷ்ணகிரி போறேன், என்ன சொன்னாங்கன்னு சாயங்காலம் இங்கயே எழுதுறேன்.